பதினொரு டக்

என் பெயரையும் தகப்பனார் பெயரையும் வீட்டு எண்ணையும் ரைட்டர் முன்பக்கத்தில் எழுதிக்கொண்டார். வயது நாற்பத்து நான்கு. தெருவில் எல்லோரும் என்னை டப்பா அக்கா என்று கூப்பிடுவார்கள், அதையும் எழுதிக்கொள்ளலாம். தொழில் என்ற இடத்தில் ‘கார் கழுவுதல்’ என்று போட்டிருந்ததை நான் ஆட்சேபித்து, ‘காரின் உட்புறத்தைச் சுத்தம் செய்து ஒழுங்காக அடுக்கித் தருதல்’ என்று திருத்தும்படி கேட்க, அவர் ஒரு பெருமூச்சு விட்டுத் திருத்தினார். இன்று புதன்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, நேற்றுக் காலை பள்ளிக்கூட வாட்ச்மேன் மீது மோதிவிட்டு நிற்காமல் போன வெள்ளைக் கார் சம்பந்தமாக எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்று கேட்டு, இன்ஸ்பெக்டர் முன்னிலையில் கூறுவதாவது:

மேற்படி வழக்கில் நீங்கள் பிடித்து வைத்திருக்கும் டிரைவர் என் தங்கையின் வீட்டுக்காரர். உயரம் ஆறடி மூன்று அங்குலம். அதனால் அவருக்கு நெட்டை என்று பெயர். அவரை இன்று மூன்று மணிக்குக் கோர்ட்டில் நிறுத்தப் போவதாகச் சொன்னார்கள். சொந்தக்காரரைக் காப்பாற்ற ஓடி வந்திருக்கிறாள் என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்திலேயே தெரிந்தது. அவருக்கும் எனக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். என்ன சண்டை என்று கேட்டீர்கள். அவருடைய டைரி ஒன்று காணாமல் போனது, நான்தான் எடுத்தேன் என்று அவர் சொன்னார், நான் பார்க்கவே இல்லை என்று சொன்னேன், அவ்வளவுதான் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

என் கடை சந்தைக்குப் பின்தெருவில் இருக்கிறது. பக்கத்துக் கடை வாட்டர் வாஷ்காரருடையது. வெளியே அவர், உள்ளே நான். பதினான்கு வருடமாக இதுதான் ஏற்பாடு. அவர் கார்க் கதவைத் திறக்க மாட்டார், நான் காரின் வெளிப்பக்கத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டேன். ‘முன்பக்கம் நசுங்கியிருந்ததே, அதைக்கூடக் கவனிக்கவில்லையா?’ என்று கேட்டீர்கள். இல்லை. அது என் இலாகா இல்லை. உள்ளே ஒரு பழைய பஸ் டிக்கெட் எந்தச் சந்தில் கிடந்தது என்று கேட்டால் சொல்வேன்.

என்னிடம் வண்டி வந்ததும் முதலில் எதையும் தொட மாட்டேன். நோட்டை எடுத்து, உள்ளே என்னென்ன எங்கெங்கே எப்படி இருக்கிறது என்று எழுதுவேன். அதன் பிறகு ஓட்டுநர் இருக்கையைப் பின்னால் தள்ளி, முன்னால் தள்ளி, அடியில் பெருக்குவேன். இருக்கைக்கு அடியில் ஒரு கம்பி இருக்கும். அதைத் தூக்கித் தள்ளினால் ஒவ்வொரு பல்லாக டக், டக் என்று நகரும். கடைசிப் பின் பல் பூஜ்யம். அங்கிருந்து முன்னால் எத்தனை டக் என்று எண்ணி எழுதிவிடுவேன். வேலை முடிந்ததும் எண்ணி அதே டக்கில் கொண்டுவந்து வைப்பேன். சாய்வும் அப்படித்தான், நடுக்கண்ணாடியும் அப்படித்தான். காரைத் திரும்ப எடுக்கிறவருக்குக் கார் பளிச்சென்று இருக்க வேண்டும், ஆனால் உட்கார்ந்ததும் தன் வண்டியில் உட்கார்ந்த மாதிரியே இருக்க வேண்டும். கீழே கிடக்கும் சாமான் எதுவாக இருந்தாலும் குப்பையில் போட மாட்டேன். ஒரு பையில் போட்டு, வண்டி எண், கிழமை, கிடந்த இடம் மூன்றையும் சீட்டில் எழுதி ஒட்டுவேன். பையை வண்டியோடு கொடுத்துவிடுவேன். எதற்கு இவ்வளவு என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, எல்லாம் சுத்தத்துக்காகத்தான் என்று சொன்னேன்.

மேற்படி வெள்ளைக் கார் டைல்ஸ் கடை முதலாளியுடையது. மாதம் ஒரு தடவை என்னிடம் வரும். நெட்டை கடை திறப்பதற்கு முன்பே வந்து, வண்டியை வாசலில் விட்டு, ஷட்டரில் உள்ள துவாரம் வழியாகச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போய்விடுவார். என் முகத்தில் விழிக்காமல் இருக்க அது அவருக்கும் வசதி, எனக்கும் வசதி. என் நோட்டில் அந்த வண்டியைப் பற்றிப் பத்தொன்பது தடவை எழுதியிருக்கிறேன். பத்தொன்பதிலும் ‘பூஜ்யம் டக், கதவுப் பையில் வேர்க்கடலைத் தோல்’ என்றுதான் இருக்கும். அவ்வளவு பெரிய காலை வேறு எங்கே வைப்பார்? தோலைப் போட ஒரு மூடி வைத்த டப்பாவைக் கியருக்குப் பக்கத்தில் பொருத்திக் கொடுத்தேன். அடுத்த மாதம் பார்த்தால் டப்பாவுக்குள் ஸ்பேனர் இருக்கிறது, தோல் பழையபடி கதவுப் பையில். அந்த மனிதரைத் திருத்த முடியாது.

சம்பவ தினமான நேற்றுச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நான் கடை திறக்க வந்தபோது வெள்ளைக் கார் மூக்கைச் சுவரோடு ஒட்டியபடி வாசலில் நின்றது. சாவி பெட்டியில் கிடந்தது. யார் கொண்டுவந்து விட்டது என்று நான் பார்க்கவில்லை. எட்டே காலுக்கு முதலாளி போன் செய்தார். “டிரைவர் வண்டிய விட்டிருப்பான். உள்ள காபி கொட்டிட்டான். சுத்தம் பண்ணி வை, மத்தியானம் வந்து எடுத்துக்குவான்” என்றார். தெருமுனை வரை கேட்கும்படி கத்தினார். நான் சரி என்று நான்கு முறை சொல்லியும் அவர் காதில் விழவில்லை. அதன் பிறகு போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு நான் நோட்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். நோட்டில் உள்ளதை ரைட்டர் அப்படியே எடுத்து எழுதிக்கொண்டார். ‘செவ்வாய். வெள்ளை. ஓட்டுநர் இருக்கை பதினொரு டக். சாய்வு நேர் நிமிர்வு. நடுக்கண்ணாடி கீழ்ப்பார்வை. பின்சீட்டுத் தலையணை ஓட்டுநர் இருக்கையின் மேல். காபி, முன்பக்கத் தரைவிரிப்பு முழுக்க. பிளாஸ்க் மூடி, பிரேக் பெடலுக்கு அடியில். கதவுப் பை காலி.’ எழுதிவிட்டு இரண்டாம் தடவை எண்ணினேன். பதினொன்றுதான். இருக்கை அவ்வளவு முன்னால் வந்து நான் அந்த வண்டியில் பார்த்ததே இல்லை. கடலைத் தோலும் இல்லை. நெட்டையை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், புது டிரைவர் வந்திருக்கிறார், ஆள் குள்ளம், என்று நான் முடிவு கட்டினேன். தங்கைக்குப் போன் போடலாம் என்று கையில் எடுத்தேன். இரண்டு வருட ரோஷம் விடவில்லை, வைத்துவிட்டேன்.

அதன் பிறகு வேலையைப் பார்த்தேன். தரைவிரிப்பைக் கழற்றி அலசி வெயிலில் போட்டேன். ஓட்டுநர் இருக்கைக்கும் நடுப்பெட்டிக்கும் இடையில், பெல்ட் மாட்டும் பூட்டுக்குக் கீழே உள்ள சந்தில் ஒல்லிப் பிரஷ்ஷை விட்டபோது ஒரு சாமான் வந்தது. தோல் நிறம், மொச்சைக் கொட்டை அளவு, ஒரு சின்னக் குழாய். கையில் பொத்தியதும் கீ என்று கூவியது. நான் பயந்து கீழே போட்டுவிட்டேன். போனில் பாட்டுக் கேட்கிற சாமான் என்று நினைத்து, பையில் போட்டு, ‘காதில் மாட்டும் சாமான் ஒன்று, ஓட்டுநர் இருக்கைச் சந்து, பெல்ட் பூட்டுக்குக் கீழ், செவ்வாய்’ என்று எழுதி ஒட்டினேன். அது சாயங்காலம் வரை பைக்குள் விட்டுவிட்டுக் கூவிக்கொண்டே இருந்தது.

வேலை முடிந்து இருக்கையைப் பதினொரு டக்கில் கொண்டுவந்து நிறுத்தினேன். பன்னிரண்டரை மணிக்கு வண்டியை எடுக்க நெட்டையே வந்து நின்றார். அப்படியென்றால் வேலை போகவில்லை. எனக்குள் பெரிய நிம்மதி. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் கதவைத் திறந்து வழக்கம்போல உள்ளே விழுந்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. அதன் பிறகு அவர் வெளியே வந்து, இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக என்னிடம் பேசினார்.

“என் சீட்ட யாரு இப்படித் தள்ளி வெச்சது? வேணும்னே பண்றீங்களா?” என்றார். “வரும்போது எப்படி இருந்துச்சோ அப்படித்தான் இருக்கு. ஓட்டிட்டு வந்தவரைப் போய்க் கேளுங்க” என்றேன். “யாரு ஓட்டிட்டு வந்தது? நேத்து சாயங்காலமே சாவிய முதலாளி வீட்டுல குடுத்துட்டேன். இப்ப பஸ்ஸுலதானே வர்றேன்” என்றார். “எல்லாத்தையும் தொட்டுத் தொட்டு இடம் மாத்துறதே உங்களுக்குப் பொழப்பு” என்று மேலும் சொன்னார். நானும் பதிலுக்குச் சில வார்த்தைகள் சொன்னேன். அவற்றை எழுத வேண்டாம். வாட்டர் வாஷ்காரர் குழாயை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டுக்கொண்டிருந்தார். நெட்டை இருக்கையைப் பின்னால் தள்ளி, படார் என்று கதவைச் சாத்தி, நான் நீட்டிய பையை வாங்காமலே போய்விட்டார். பை என் கடையிலேயே தங்கிவிட்டது.

அப்போது வாட்ச்மேன் அடிபட்டது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்று காலை ஏழே முக்கால் மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் தங்கை. செருப்பு ஒன்று ஒரு ஜோடி, இன்னொன்று வேறு ஜோடி. “அக்கா, அவரைப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க” என்றாள். செவ்வாய் காலை ஏழு பத்துக்கு வெள்ளைக் கார் பள்ளிக்கூட வளைவில், மணியடித்தும் நிற்காமல், வாட்ச்மேனின் சைக்கிளில் மோதியது, அவருக்குக் கால் முறிந்தது, பின்னாலிருந்து ஒருவர் வண்டி எண்ணை மட்டும் பார்த்தார், என் கடையில் விட வரும்போது டிரைவர்தான் இடித்துவிட்டான் என்று முதலாளி சொல்லிவிட்டார், தனக்கு வண்டி ஓட்டவே தெரியாது என்றும் அவர் சொன்னார், என்று மூச்சு விடாமல் சொன்னாள். ஏழு பத்துக்கு அவர் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததற்குத் தான் ஒருத்திதான் சாட்சி, பொண்டாட்டி சொல்வதை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று அழுதாள். அதன் பிறகு, “நீ கடைல பாத்தியா? அவரா வந்து வண்டிய விட்டாரு?” என்று கேட்டாள்.

நான் பார்க்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பதினொன்று என்று வந்தது.

என்ன பதினொன்று என்று அவள் கேட்டாள். பதினொரு டக், பதினொரு டக் என்று நான் சொல்லிக்கொண்டே கை தட்டியதாகத் தங்கை சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. “என் புருஷன் லாக்கப்புல இருக்காரு, நீ சிரிக்கிற” என்று அவள் என் தோளில் அடித்தது நினைவிருக்கிறது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடுவேன் என்று நானே நினைத்ததில்லை. ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து நுழைந்து, நோட்டைப் பிரித்து அவளுக்குக் காட்டினேன். பையையும் எடுத்துக்கொண்டேன். பல் துலக்கிக்கொண்டிருந்த வாட்டர் வாஷ்காரரை அப்படியே வரச் சொன்னேன். மூவரும் ஓர் ஆட்டோவில் வந்தோம். வருகிற வழியில் நோட்டு விஷயமாக ஒரு காரியம் செய்ய நினைத்தேன். செய்யவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே வந்து முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அந்த நேரத்தில் ரைட்டர் மேஜையில் சிதறிக் கிடந்த குண்டூசி, ரப்பர் ஸ்டாம்ப், மை டப்பா ஆகியவற்றை அளவு வாரியாக அடுக்கி வைத்தது நான்தான். கை சும்மா இருக்கவில்லை. மன்னிக்கவும். வாசலில் நின்ற ஜீப்பின் உள்ளேயும் எட்டிப் பார்த்தேன். அதைப் பற்றி வாக்குமூலத்தில் எதுவும் வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார்.

மேற்படி விவரங்களை நான் சொல்லிக்கொண்டிருக்கையில் இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தச் சொல்லி எழுந்தார். மணி பத்து நாற்பது. எல்லோரும் பின்பக்க முற்றத்துக்குப் போனோம். வெள்ளைக் கார் அங்கே நின்றது. புகாரில் கையெழுத்துப் போட வந்திருந்த முதலாளியையும் வரச் சொன்னார்கள். நெட்டையையும் கூட்டி வந்தார்கள். ஒரு நாளில் முகம் பாதியாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் ‘இவள் வேறா’ என்பது போலத் திரும்பிக்கொண்டார்.

இருக்கை பூஜ்யத்தில் இருந்தது. இன்ஸ்பெக்டர் தானே குனிந்து கம்பியைத் தூக்கித் தள்ளினார். ஒவ்வொரு டக்குக்கும் சுற்றி நின்ற கான்ஸ்டபிள்கள் எண்ணினார்கள். ஏழுக்குப் பிறகு முற்றமே எண்ணியது. பதினொன்று வந்ததும் நெட்டையை ஏறச் சொன்னார்கள். அவர் ஒரு காலை விட்டார். இன்னொரு காலை விட இடமில்லை. குனிந்து, மடங்கி, எப்படியோ உள்ளே போனால் முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு மேலே நிற்கிறது, தலை கூரையில் இடிக்கிறது, கதவு சாத்த வரவில்லை. ஒரு கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். பிரேக்கை மிதிங்க பார்ப்போம் என்று இன்ஸ்பெக்டர் சொல்ல, நெட்டை, “காலே எங்க இருக்குன்னு தெரியலங்க” என்றார். அதன் பிறகு எல்லோரிலும் குள்ளமான பெண் கான்ஸ்டபிள் ஏறி உட்கார்ந்தார். சட்டை தைத்த மாதிரி பொருந்தியது.

முதலாளி என் தோள் உயரம்தான் இருப்பார். ஆனால் யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் என்னிடம், வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நான் பையை எடுத்து, சீட்டில் எழுதியிருந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தேன். காதில் மாட்டும் சாமான் ஒன்று, ஓட்டுநர் இருக்கைச் சந்து, பெல்ட் பூட்டுக்குக் கீழ், செவ்வாய். முற்றத்தில் எல்லோருக்கும் கேட்டது. முதலாளிக்கு மட்டும் கேட்கவில்லை. அவர் பைக்குள் இருந்ததைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “என் காது மெஷின். நேத்துலேர்ந்து இதைத்தான் தேடுறேன். நேத்துக் காலைல மாட்டினேன், அப்புறம் காணோம். எங்க இருந்துச்சும்மா?” என்று கை நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் பையை வாங்கி, மெஷினில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை எடுத்து அவரிடம் கொடுத்தார். பேட்டரி தீர்ந்திருந்தது. முதலாளி சட்டைப்பையிலிருந்து புதுப் பேட்டரி எடுத்துப் போட்டு, காதில் வைத்து, திருகி, நன்றாகக் கேட்கிறது என்று தலையாட்டினார். அதன் பிறகு இன்ஸ்பெக்டர் மிக மெதுவான குரலில், “பெல்ட் மாட்டும்போது விழுந்திருக்கும் ஐயா. டிரைவர் சீட்டுச் சந்துல இருந்துச்சு” என்றார். முதலாளி ஓட்டுநர் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். சைக்கிள் மணி அவருக்கு ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு அந்த நிமிடம் புரிந்தது. அவர் ஏன் வண்டியை வேறு எங்கும் விடாமல் என் வாசலில் கொண்டுவந்து விட்டார் என்பதும் புரிந்தது. நெட்டையும் நானும் பேசிக்கொள்ள மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். எங்கள் சண்டையை நம்பித்தான் அவர் அதைச் செய்திருக்கிறார்.

ஆனால் அவர் லேசில் விடவில்லை. “இவ யாரு? அவன் பொண்டாட்டிக்கு அக்கா. மெஷின பின்சீட்டுல எடுத்துட்டு முன்சீட்டுன்னு எழுதியிருப்பா. உலகத்துல யாராவது சீட்டு எத்தனை பல்லுன்னு நோட்டுப் போட்டு எழுதுவாங்களா? எல்லாம் நேத்து உக்காந்து எழுதினது” என்றார். இன்ஸ்பெக்டரும் என்னைப் பார்த்தார். கேட்டது நியாயமான கேள்விதான். “உண்மையச் சொல்லுங்கம்மா. இந்த நோட்ட எப்பலேர்ந்து எழுதுறீங்க? எதுக்கு எழுதுறீங்க? வெறும் சுத்தத்துக்குன்னா கோர்ட்டுல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க” என்றார்.

முதல் பக்கத்தைப் பாருங்கள் என்று சொன்னேன்.

ஆட்டோவில் வரும்போது செய்ய நினைத்த காரியம் இதுதான். முதல் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். ஆனால் அது நூலால் தைத்த நோட்டு. ஒரு பக்கத்தைக் கிழித்தால் எதிர்ப்பக்கமும் கழன்று வந்துவிடும். பக்கம் குறைகிற நோட்டை யார் நம்புவார்கள்? நெட்டை வெளியே வர வேண்டுமென்றால் நோட்டு முழுசாக இருக்க வேண்டும். அதனால் முழுசாகவே கொண்டுவந்தேன்.

முதல் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி இருக்கிறது. அதில் உள்ளதை இங்கே எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். இது கேசுக்குத் தேவையில்லையே என்று ரைட்டர் சொன்னார். தேவை என்றேன். முதல் பக்கத்தை மறைத்தால் கடைசிப் பக்கத்தையும் யாரும் நம்ப வேண்டியதில்லை. அது வருமாறு. ‘சாம்பல் நிற வாடகைக் கார். தங்கை வீட்டுக்காரருடையது. அவர் வெளியூர் போயிருந்தபோது கேட்காமல் சுத்தம் செய்தது. குப்பையில் போட்டவை, பிளாஸ்டிக் ஸ்பூன் முப்பத்திரண்டு, ஒற்றைக் கையுறை, மூடியில்லாத பேனா ஏழு, அறுந்த ஒயர் ஒரு கட்டு, நீல அட்டை டைரி ஒன்று, உள்ளே போன் நம்பர்கள்.’

அப்போது நெட்டைக்குச் சொந்த டாக்சி இருந்தது. அதன் உள்ளே நிலைமை குப்பைத் தொட்டிதான். ஊரிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் அசந்து போவார் என்று நினைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து, டப்பா வைத்து, வலை மாட்டி, ஒவ்வொன்றாக அடுக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக ஒரு வண்டியைச் செய்ததில்லை. அவர் வந்து பார்த்ததும், டைரி எங்கே என்று மட்டும் கேட்டார். வாடிக்கையாகக் கூப்பிடுகிறவர்களின் நம்பரெல்லாம் அதில்தான் இருந்தது. போனில் ஏற்ற மாட்டார், போன் தொலைந்தால் எல்லாம் போய்விடும் என்பார். அதற்குள் குப்பை வண்டி வந்து போய்விட்டது. டைரியை நான் பார்க்கவே இல்லை என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால் தெரியாது, பயத்தில் வாயில் வந்துவிட்டது. ஒரு தடவை சொன்ன பிறகு அதையே இரண்டு வருடம் காப்பாற்றினேன். அவர் சவாரி குறைந்து, டாக்சியை விற்று, முதலாளியிடம் டிரைவராகச் சேர்ந்தார். எங்கள் அக்கா பொய் சொல்ல மாட்டாள் என்று தங்கை அவரோடு மல்லுக்கு நின்றாள். அதில்தான் வீடு இரண்டுபட்டது. டைரி போன மறுநாள் நான் இந்த நோட்டை வாங்கி, தூக்கிப் போட்டதையெல்லாம் நினைவுபடுத்தி எழுதினேன். அன்று முதல் ஒரு காருக்குள் இருக்கும் எதையும் எழுதாமல் தொட்டதில்லை. நோட்டு எழுதுவதற்கு இதுதான் காரணம். முன்னே சுத்தத்துக்காக என்று சொன்னதைத் திருத்திக்கொள்ளவும்.

இன்ஸ்பெக்டர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து பத்து நிமிடம் நின்றபடியே புரட்டினார். பத்தொன்பது பூஜ்யத்தையும் பார்த்தார். வாட்டர் வாஷ்காரரைத் தனியாக விசாரித்தார். அதன் பிறகு முதலாளி தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, உள்ளே போய்ப் பேசலாமா என்று கேட்டார். உள்ளே என்ன சொன்னார் என்பது அவருடைய வாக்குமூலம், எனக்குத் தெரியாது. பன்னிரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, மூன்று மணிக்கு நெட்டையைக் கொண்டுபோக வேண்டியதில்லை, காகிதம் தயாரானதும் வீட்டுக்குப் போகலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்தில் இருந்த எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டேன், ஜீப் டிரைவர் உட்பட.

இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி என்று ரைட்டர் சொன்னார். படிக்கும்போது நெட்டையும் தங்கையும் இதே அறையில் இருக்க வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். தங்கை என் பெஞ்சில் உட்கார்ந்தாள். நெட்டை சுவரோரமாக நின்றார். ரைட்டர் படித்தார். முதல் பக்கத்துச் சாமான் பட்டியல் வந்தபோது நெட்டை, “டார்ச் லைட்டும் ஒண்ணு இருந்துச்சுக்கா. அதை எழுதலையே” என்றார். இருந்தது. மஞ்சள் நிறம். நான் மறந்துவிட்டேன். அதையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன், டார்ச் லைட் ஒன்று.

அதன் பிறகு தங்கை என் பக்கத்திலிருந்து எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருடத்துக்கு முன்பே அவள் நின்றிருக்க வேண்டிய இடம் அது.

மேலே உள்ளதெல்லாம் என் கண் பார்த்து, என் கை தொட்டு, என் வாய் சொன்னது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. படிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது. ஒரு வரியையும் எடுக்கச் சொல்லவில்லை.

(கையெழுத்து)